கொடுக்கக் குறையாத நாதம்

மாணவ நண்பர்களே, கிதாரை மடியில் மல்லாந்து கிடக்கும்படி வைத்துக்கொண்டு, இடக்கையிலுள்ள ஓர் எஃகு உருளையைத் தந்திகளின்மேல் நழுவவிட்டு வாசிப்பவரை நீங்கள் எங்கேனும் கண்டிருக்கலாம். அவ்வாத்தியத்தை ஹவாய்க் கிதார் என்றும் ஸ்லைடு கிதார் என்றும் வழங்குவார்கள். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அதைக் கற்றவன் நான். என் முதல் உருளை கடையில் வாங்கியதன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பர் ஒருவர் எஃகுத் துண்டைக் கடைந்து மெருகிட்டுத் தந்தது. எங்களைப் போன்ற கலைஞர்கள் தம் இசையைத் தாமே பதிவு செய்து, இணையத்தின் வாயிலாக விலையின்றி வழங்குவதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வாத்தியத்தின் இயல்பை அறிவோம். ஒரு தந்தியை மீட்டினால் ஆதார ஷட்ஜம் ஒலிக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் நீளத்தில் பாதி மட்டும் அதிரும்படி உருளையை வைத்தால் மேல் ஷட்ஜம் பிறக்கும். மூன்றில் இரு பங்கு அதிர்ந்தால் பஞ்சமம். நான்கில் மூன்று பங்கு அதிர்ந்தால் மத்தியமம். தந்தி குறையக் குறையச் சுருதி உயர்கிறது. வீணையில் இந்த இடங்களைக் காட்ட 24 மெட்டுகள் உண்டு. உருளையால் வாசிக்கும்போதோ மெட்டுகளுக்கு வேலையே இல்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடையிலுள்ள வெளியெல்லாம் நாதமாகவே இருக்கும். ஆகையால் கமகங்கள் வாய்ப்பாட்டைப் போலவே இழைகின்றன. ஆனால் மயிரிழை தவறினாலும் அபசுரந்தான்! கண் வழிகாட்டாது; காதே வழிகாட்ட வேண்டும்.

இம்முறை நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டில் கோட்டுவாத்தியம் என்றும் இன்று சித்திரவீணை என்றும் வழங்கும் வாத்தியத்தில், கருங்காலி உருளையை நழுவவிட்டு வாசித்தார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவ், அவர் மாணவர் நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி ஆகியோர் அதில் புகழ் பெற்றவர்கள். கடல் கடந்த ஹவாய்த் தீவிலோ ஜோசப் கெக்குக்கு என்பவர், உங்களைப் போலப் பள்ளி மாணவராக இருந்தபோதே, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் கிதாரில் இம்முறையைக் கண்டார் என்பர். 1929இல் இந்தியாவுக்கு வந்த டாவ் மோ போன்ற ஹவாய்க் கலைஞர்களால் அது இங்கே பரவிற்று. பின்னர்ப் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். விசுவ மோகன் பட், தந்திகளைக் கூட்டி மோகன வீணை என்று அமைத்து, ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்காக 1994இல் கிராமி விருது பெற்றார்.

இவர்கள் பெயர் பெற்றவர்கள். பெயர் பெறாதவர்களின் நாதம் என்ன ஆயிற்று? பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும்; அதையும் யாருக்குத் தருவது என்று கம்பெனியே தீர்மானித்தது. என் ஆசிரியர் பூவிருந்தவல்லியில் வாழ்ந்தவர். எந்தக் கம்பெனியும் அவரை அழைத்ததில்லை. 1986இல் ஒரு மாலைப் பொழுது, அவர் வீட்டுத் திண்ணையில் அவர் வாசித்ததை ஒரு சிறு டேப் ரிக்கார்டரில் பதிவு செய்துகொண்டேன். அவருடைய இசைக்கு அந்த ஒரு நாடாவைத் தவிர வேறு சாட்சி இல்லை. சில ஆண்டுகளில் அவரும் மறைந்தார்.

அந்த நாடாவைப் பொன்னைப்போல் பூட்டி வைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம், "தேய்ந்துவிடும்" என்று மறுத்தேன். ஒரே ஒருமுறை, ஆவடியிலிருந்த நண்பருக்கு ஓர் இரவு மட்டும் கொடுத்தேன். அவர் அதிலிருந்து மோகன ராக ஆலாபனையை என்னைக் கேளாமல் நகலெடுத்துக்கொண்டார் என்று பின்னர் அறிந்து, அவரைக் கடிந்து பேசினேன். நெடுநாள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. பூவிருந்தவல்லிக்கு அருகே தாழ்ந்த இடத்திலிருந்த எங்கள் வீட்டில் இடுப்பளவு நீர். பீரோவின் அடித்தட்டிலிருந்த நாடா சேற்றில் ஊறிப் போயிற்று. கல்வியை வெள்ளம் கொள்ளாது என்பார்கள். நான் பூட்டி வைத்த கல்வியை வெள்ளம் கொண்டது! எஞ்சியது எது? நான் குற்றமென்று சொன்ன அந்த நகல், பதினொரு நிமிடம். வெட்கத்தோடு நண்பரின் வீட்டுக்குச் சென்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துப் போட்டார். இருவரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆசிரியருடைய குடும்பத்தாரின் இசைவு பெற்று, அந்தப் பதினொரு நிமிடத்தை இணையத்தில் விலையின்றி வைத்தோம். சில மாதங்களுக்குப் பின் கோலாலம்பூரிலிருந்து ஒரு மாணவர், காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு அவர் ஏறும் விதத்தை விளக்குமாறு கேட்டு எழுதினார். திண்ணையைத் தாண்டாத நாதம் கடலைத் தாண்டிற்று.

இங்கே ஒரு விஞ்ஞான உண்மையையும் கவனியுங்கள். நாடாவிலிருந்து நாடாவுக்கு நகலெடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். எண்களாக மாற்றிய பதிவோ ஆயிரம் முறை நகலெடுத்தாலும் மூலத்தைப் போலவே இருக்கும். குறுந்தட்டின் தரத்தில் ஒரு நிமிட இசைக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் போதும். ஆகவே கொடுக்கக் குறையாதது என்று கல்வியைச் சொன்னது இன்று ஒலிக்கும் பொருந்துகிறது. 'சங்கீதப்பிரியா' என்ற தளத்தில் ரசிகர்கள் தாம் சேர்த்த கர்நாடக இசைப் பதிவுகளை இலவசமாகப் பகிர்கிறார்கள். வணிக வெளியீடுகளை அங்கே ஏற்பதில்லை. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய இணைய ஆவணக்காப்பகமும் இவ்வாறே எவருடைய பதிவுக்கும் இடம் தருகிறது.

ஆனால் இலவசம் என்பதனால் உரிமை இல்லை என்று எண்ணிவிடலாகாது. தியாகராஜருடைய கிருதி உலகுக்குப் பொது. அதை ஒருவர் வாசித்து வெளியிட்ட ஒலிப்பதிவுக்கோ நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 60 ஆண்டு பாதுகாப்பு அளிக்கிறது. தம் படைப்பைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்று கலைஞரே அறிவிப்பதற்கு, 2002 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் உள்ளன. கொடுப்பது கலைஞரின் விருப்பம். பறிப்பது கேட்பவரின் உரிமையன்று. என் நண்பர் செய்ததும் முறையன்றுதான். ஆனால் அவரை அம்முறைகேட்டுக்குத் தள்ளியது என் உலோபமே.

இலவசமாகக் கொடுத்தால் கலைஞன் எதை உண்பான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிவைப் பகிர்வதனால் அடுப்பு எரியாது. கச்சேரியும் பாடம் சொல்லிக்கொடுத்தலுமே அவனைக் காக்க வேண்டும். ஆகையால், விலையின்றிக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அவன் கச்சேரிக்குச் சீட்டு வாங்கிச் செல்வதும், அவனிடம் பாடம் கேட்பதும் கடமையாகின்றன.

நண்பர்களே, உங்கள் தெருவிலும் யாரோ ஒருவர் மாலையில் வாசித்துக்கொண்டிருப்பார். அவரிடம் சென்று இசைவு கேளுங்கள். உங்கள் கைப்பேசியிலேயே பதிவு செய்யுங்கள். வாசித்தவர் பெயர், ராகம், நாள், இடம் ஆகியவற்றைத் தவறாமல் எழுதி வையுங்கள்; பெயரில்லாத நாதம் முகவரியில்லாத கடிதம். பிறகு அவர் சம்மதத்துடன் பலருக்கும் கொடுங்கள். என் ஆசிரியர் அன்று மாலை ஒரு மணி நேரம் வாசித்தார். உலகுக்கு எஞ்சியது பதினொரு நிமிடந்தான். மற்றது என்னிடம் பத்திரமாக இருந்தது.