சாய்த்து நிறுத்திய கப்பல்

ரயில்வேயில் பாலங்களோடும் தண்டவாளங்களோடும் காலம் கழித்தவனுக்குக் கப்பலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். பாரம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்ற கணக்கு இரண்டுக்கும் பொதுதான்.

'ராயல் ஜார்ஜ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1756-இல் வூல்விச்சில் நீரில் இறக்கப்பட்டது. மூன்று தளங்களில் 100 பீரங்கிகள். 1759 நவம்பரில் கிபெரான் விரிகுடாவில், கடும் புயலுக்கிடையே, அட்மிரல் ஹாக் பிரெஞ்சுக் கடற்படையை முறியடித்தபோது அவர் இருந்தது இக்கப்பலில்தான்.

இத்தனை பெருமை பெற்ற கப்பல், எதிரியின் குண்டுக்கு இரையாகவில்லை. 1782 ஆகஸ்ட் 29 அன்று, போர்ட்ஸ்மவுத்தை அடுத்த ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டு நின்றபடியே மூழ்கிப் போயிற்று!

வலப்புறம், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு குழாயைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அந்த இடம் வெளியே தெரிவதற்காக வலப்புறப் பீரங்கிகளை நடுவுக்கு இழுத்து, இடப்புறப் பீரங்கிகளை வெளியே தள்ளிக் கப்பலை இடப்பக்கம் சாய்த்தார்கள். அக்காலத்தில் இது வழக்கமான வேலைதான். ஆனால், தாழ்ந்த அந்தப் பக்கமே ஒரு படகு வந்து நின்று, ரம் பீப்பாய்களை ஏற்றினார்கள். பாரம் கூடியது. கீழ்த்தளத்தின் பீரங்கிச் சாளரங்கள் வழியே அலைநீர் உள்ளே வந்தது.

ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிச் சற்றே சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் முழுதும் தாழ்ந்த பக்கமே ஓடும். அந்தப் பாரத்தால் சாய்வு அதிகமாகும்; சாய்வு அதிகமானால் இன்னும் நீர் புகும். கப்பலிலும் அதுவே நடந்தது.

கப்பல் தச்சர் இருமுறை போய் எச்சரித்ததாகவும், பணியிலிருந்த அதிகாரி முதலில் அலட்சியம் செய்ததாகவும் உயிர் தப்பிய மாலுமி ஒருவர் கூறியிருக்கிறார். நிமிர்த்த உத்தரவு வந்தபோது நேரம் கடந்துவிட்டது. அட்மிரல் கெம்பன்ஃபெல்ட், மாலுமிகள், அவர்களைப் பார்க்க வந்திருந்த மனைவியர், குழந்தைகள் என 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

விசாரணை மன்றம், மரச்சட்டங்கள் உளுத்துப் போனதே காரணம் என்று கூறி அதிகாரிகளை விடுவித்தது. மரம் உளுத்தே இருக்கட்டும். தச்சரின் சொல்லை முதல் முறையே கேட்டிருந்தால் கப்பலை நிமிர்த்த அவகாசம் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து.

ரயில் பாதையில் சிவப்புக் கொடியைக் கண்டால் எந்த எக்ஸ்பிரஸும் நின்றாக வேண்டும். காட்டியவர் கேங்மேனா, மேலதிகாரியா என்று டிரைவர் பார்ப்பதில்லை. அந்தத் தச்சர் கையில் அப்படி ஒரு கொடி இல்லை.