சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரை எரிக்கும்!

பொங்கல் விழா, ஆண்டு விழா என்று வந்துவிட்டால் நம் சங்கங்களில் மைக் செட் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடும். "பெரிய ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், ஸ்பீக்கர் எரிந்துவிடும், சின்னதே பத்திரம்" என்பது அன்பர்கள் பலரின் எண்ணம். ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சின்னதும் எரிக்கும்.

30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரை முழுவதும் திருகி, 60 வாட்ஸ் வேலை வாங்கப் பார்த்தால், ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிடும். அந்தச் சதுர அலையின் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் கீச்சொலியும் அதிகம். அது நேரே ட்வீட்டருக்குப் போய், மெல்லிய காயிலைக் கருக்கிவிடும். ஒலி கரகரத்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள்.

பெட்டி ஸ்பீக்கர் வாங்கும்போது ஆர்.எம்.எஸ். வாட்ஸை மட்டும் பாருங்கள். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது வெறும் விளம்பரம். 50 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு 50 முதல் 75 வாட்ஸ் வரை தரும் ஆம்ப்ளிஃபையர் பொருந்தும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம்ஸ் ஆகும். ஆம்ப்ளிஃபையர் 4 ஓம்ஸைத் தாங்குமா என்று அதன் பின்பக்கம் பார்த்துவிட்டே இணைக்க வேண்டும்.

மைதானத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களின் கணக்கு வேறு. பிளாட்பாரம் போல் நீளமாக ஒயர் இழுக்கும் இடங்களில் 100 வோல்ட் லைன் பயன்படும். 100 வாட்ஸ் அனுப்ப அதில் 1 ஆம்பியர் போதும். 8 ஓம்ஸில் சுமார் மூன்றரை ஆம்பியர் ஓடி, ஒயரிலேயே சக்தி வீணாகும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் லைன் டிரான்ஸ்பார்மர் இருக்க வேண்டும். அது இல்லாத 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை இந்த லைனில் தொடவே கூடாது. டிரான்ஸ்பார்மரில் வைத்த வாட்ஸ்களைக் கூட்டுங்கள். 15 வாட்ஸ் குழாய் நான்கு, 20 வாட்ஸ் காலம் ஸ்பீக்கர் ஒன்று, ஆக 80. இதற்கு 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் சரி. 20 வாட்ஸ் கையிருப்பு.

இன்னொன்று: வாட்ஸை இரட்டித்தால் ஒலி இரட்டிக்காது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்கப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆகவே கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால், அங்கே இன்னொரு ஸ்பீக்கர் வைப்பதே சிக்கனம்.

செலவாவது உறுப்பினர்களின் நன்கொடைப் பணம். நம் குழந்தை மேடையில் திருக்குறள் சொல்வது பாட்டிக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.