பாட்டுக்கு என்ன விலை? – 6: இருபத்து நான்கு பாட்டும் மூன்று ஜூரிகளும்

இணையத்தில் பாட்டுகளைப் பகிர்ந்துகொள்ள உதவிய நாப்ஸ்டருக்குப் பூட்டு விழுந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். 2001 ஜூலையில் அது ஓய்ந்ததும் அமெரிக்க இளைஞர்கள் சிடி கடைக்குத் திரும்பிவிடவில்லை. அதே வகைச் சேவையான கஸா பக்கம் போனார்கள். எந்தப் பாட்டு யார் கணினியில் இருக்கிறது என்ற பட்டியலை நாப்ஸ்டர் தன் சர்வரிலேயே வைத்திருந்ததால், நீதிமன்றத்துக்கு இழுக்க ஒரு கம்பெனி கிடைத்தது. கஸாவில் அப்படி ஒரு மையப் பட்டியல் கிடையாது. இசைத்தட்டு கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. அப்போதுதான் பாட்டுக் கேட்கிறவர்கள் மேலேயே வழக்குப் போடுவது என்று துணிந்தது. 2003 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 261 பேர் மீது வழக்கு. நியூயார்க்கின் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயரும் அடிபட்டது. 2,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அவள் அம்மா விவகாரத்தை முடித்தார்.

துப்புத் துலக்கியது மீடியாசென்ட்ரி என்ற நிறுவனம். அதன் ஆட்கள் சாதாரணப் பயனர்களைப் போல கஸாவுக்குள் நுழைவார்கள். யார் எந்தப் பாட்டைத் திறந்து வைத்திருக்கிறார் என்று பார்த்து, சிலவற்றை இறக்கி, ஐ.பி. எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். அந்த எண் யாருடையது என்பதை நீதிமன்ற உத்தரவு மூலம் இணைய நிறுவனத்திடம் கேட்டு வாங்கியதும், வீட்டுக்குக் கடிதம் போகும்: சில ஆயிரம் டாலர் கட்டுங்கள், இல்லையேல் கோர்ட்டில் பார்க்கலாம். வக்கீல் ஃபீஸே அதைவிட அதிகம் என்பதால் பெரும்பாலோர் பணத்தைக் கட்டி ஒதுங்கினார்கள்.

மினசோட்டாவில் தனியாகப் பிள்ளைகளை வளர்த்து வந்த ஒரு பெண் மட்டும் கட்ட முடியாது என்றார். அவர் பெயரில் பதிவான கணக்கில் 1,700 பாட்டுகளுக்கு மேல் இருந்தன. கம்பெனிகள் 24ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வழக்காடின. ஐடியூன்ஸில் ஒரு பாட்டு அன்றைக்கு 99 சென்ட். 24க்கும் சேர்த்து 24 டாலர்கூட ஆகாது.

2007 அக்டோபரில் டுலூத் நகர ஜூரி சொன்ன தொகை 2,22,000 டாலர். பாட்டுக்கு 9,250! பாட்டைப் பிறர் எடுக்கும்படி திறந்து வைத்தாலே விநியோகம் செய்ததாகும் என்று தாமே ஜூரிக்குத் தவறாக விளக்கிவிட்டதாக நீதிபதி மைக்கேல் டேவிஸ் பிறகு கருதினார்; மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். அது அந்தப் பெண்ணுக்கு நல்லதாக முடிந்ததா? 2009 ஜூனில் இரண்டாவது ஜூரி 19,20,000 டாலர் என்றது. தொகை விபரீதமானது என்று நீதிபதி அதை 54,000 ஆகக் குறைத்தார். கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. மூன்றாவது ஜூரி 2010 நவம்பரில் 15 லட்சம் என்றது. நீதிபதி மறுபடி 54,000க்கே கொண்டுவந்தார்.

இந்தக் கூத்துக்கு ஜூரிகளைக் குறைசொல்லிப் பயனில்லை என்பது என் கட்சி. ஒவ்வொரு படைப்புக்கும் 750 டாலர் முதல் 30,000 வரை, தெரிந்தே செய்திருந்தால் 1,50,000 வரை விதிக்கலாம் என்கிறது சட்டம். எவ்வளவு நஷ்டம் என்று கம்பெனி நிரூபிக்கவே வேண்டாம். இந்த வரம்புகளை அமெரிக்க நாடாளுமன்றம் உயர்த்தியது 1999 டிசம்பரில். நாப்ஸ்டர் பிறந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. லாபத்துக்காகச் சிடி அடித்து விற்கும் ஆலைக்காரனும், சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெண்ணும் ஒரே அட்டவணைக்குள் வந்தார்கள். 750க்கும் 1,50,000க்கும் நடுவில் எங்கே நிற்பது என்று பன்னிரண்டு சாதாரண மனிதர்களைக் கேட்டால், அவர்கள் மனுஷியின் நடத்தையைப் பார்த்துத்தான் எடைபோடுவார்கள். கணினியின் ஹார்டு டிஸ்க்கை அவர் மாற்றியிருந்தது சாட்சியத்தில் வெளிவந்தது. தான் செய்யவே இல்லை என்ற வாதத்தை ஜூரிகள் நம்பவில்லை.

மேல்முறையீட்டில் கம்பெனிகளே பெரிய தொகைகளைக் கைவிட்டு, முதல் தீர்ப்பின் 2,22,000 போதும் என்றன. 2012 செப்டம்பரில் எட்டாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே உறுதிசெய்தது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. கொடுக்கத் தன்னிடம் பணமில்லை என்பதே அந்தப் பெண்ணின் பதில்.

இதற்குள் ஆர்.ஐ.ஏ.ஏ. வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஐந்தாண்டுகளில் முப்பதாயிரம் பேருக்கு மேல் குறிவைத்த பிறகு, கூட்டம் கூட்டமாக வழக்குப் போடுவதை நிறுத்துவதாக 2008 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. இனி இணைய நிறுவனங்களே வாடிக்கையாளரை எச்சரிக்கட்டும் என்பது புதிய திட்டம். அந்த நிறுவனங்கள் போலீஸ் வேலை பார்க்க எளிதில் சம்மதித்தனவா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)