கொலஸ்ட்ராலுக்கும் தோல் புற்றுநோய்க்கும் முடிச்சு உண்டா? தெரியுமா உங்களுக்கு?

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எகிறிவிட்டால் எல்லோருக்கும் முதலில் இதயம்தான் ஞாபகம் வரும். ஆனால் அதே கொலஸ்ட்ரால் உங்கள் தோலில் என்னென்ன வேலை பார்க்கிறது என்று தெரியுமா? படியுங்கள், அசந்துபோவீர்கள்!

தோலுக்குச் சாந்தே அதுதான்!
மேல்தோலின் வெளி அடுக்கில் செல்களை ஒட்டவைக்கும் கொழுப்பில் ஏறக்குறைய கால் பங்கு கொலஸ்ட்ரால்! செங்கற்களுக்கு நடுவே பூசிய சாந்து மாதிரி அது அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது மட்டும் இல்லையென்றால்? உடம்பின் ஈரமெல்லாம் ஆவியாகிப் போய்விடும்!

வெயிலைக் குடிக்கும் உடன்பிறப்பு!
7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால். பெயரே வாயில் நுழையவில்லையா? இது கொலஸ்ட்ரால் ஆவதற்கு ஒரே ஒரு படி முன்னால் நிற்கும் பொருள்! தோலில் இருக்கும் இதன் மேல் புற ஊதாக் கதிர் பட்டால் போதும், வைட்டமின் டி தயாராகத் தொடங்கிவிடும்! இந்தத் துறையில் உழைத்த ஜெர்மனியின் அடால்ஃப் விண்டாஸுக்கு 1928-ல் நோபல் பரிசே கிடைத்தது!

மாத்திரைக்குள் ஆட்டு ரோமம்!
மருந்துக்கடையில் வாங்கும் வைட்டமின் டி3 பெரும்பாலும் எதிலிருந்து வருகிறது தெரியுமா? செம்மறியாட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கிலிருந்து! அதிலுள்ள கொலஸ்ட்ராலைப் பிரித்து, பக்குவப்படுத்தி, புற ஊதா விளக்கின் ஒளியில் காட்டுகிறார்கள். உங்கள் தோல் செய்வதையேதான் தொழிற்சாலையும் செய்கிறது!

வெயிலில் காய்ந்தால் கொலஸ்ட்ரால் கரையுமா?
கரையாது! இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓரளவு வெயில் பட்டதும் தோல் 'போதும்' என்று சொல்லிவிடும். அதற்கு மேல் படும் கதிர், உருவானதையே உதவாத பொருளாக மாற்றிவிடும். எவ்வளவு நேரம் நின்றாலும் வெயிலால் வைட்டமின் டி நஞ்சாகாது! ஆனால் டி.என்.ஏ. சேதத்துக்கு அப்படி ஒரு 'போதும்' கிடையாது. நிற்க நிற்க அது கூடிக்கொண்டேதான் போகும்!

சில நிமிட வெயிலே சுடும்!
ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் என்று ஓர் அரிய பிறவிக் கோளாறு. இதில் உடம்பால் கொலஸ்ட்ராலைச் சரிவர உண்டாக்க முடியாது. கடைசிப் படியிலேயே வேலை நின்றுவிடும்! விளைவு? இவர்களில் பலருக்குச் சில நிமிட வெயிலிலேயே தோல் சிவந்துவிடுகிறது. அதுவும் கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வரும் புற ஊதா ஏ கதிரிலேயே!

மோனாலிசாவுக்கும் கொலஸ்ட்ராலா?
ஓவியத்தில் மோனாலிசாவின் இடது கண்ணின் உள்மூலையை உற்றுப் பாருங்கள். அங்கே இருக்கும் சின்ன மேடு, கொழுப்பு படிந்த மஞ்சள் திட்டாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள்! 500 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நோய்க்கணிப்பு! இமையோரம் இப்படித் திட்டு வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் சரியாகவே இருக்கும் என்பது அதைவிட ஆச்சரியம்! இது புற்றுநோயும் அல்ல.

இதய ரகசியத்தைச் சொன்னது தோல்!
சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கெட்ட கொலஸ்ட்ரால் இயல்பைப்போல் 6 மடங்குக்கும் மேல்! பத்து வயதுக்குள் மாரடைப்புகூட வரலாம். ஏன் இப்படி? அமெரிக்காவின் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் விடை தேடியது இதயத்தில் அல்ல, தோல் செல்களில்! கிண்ணத்தில் வளர்த்த அந்தச் செல்களுக்கு, ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் 'கைகள்' வேலை செய்யவில்லை! 1985-ல் இருவருக்கும் நோபல்!

சரி, புற்றுநோய்க்கு வருவோம்!
புற்றுச் செல் மளமளவென்று பெருகும்போது ஒவ்வொரு புதுச் செல்லுக்கும் சவ்வு கட்டக் கொலஸ்ட்ரால் வேண்டும். அப்படியானால் கொலஸ்ட்ரால் கூடினால் தோல் புற்றுநோயும் கூடுமா? அவசரப்படாதீர்கள்! ஆய்வு முடிவுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, மெலனோமா என்ற தோல் புற்றுநோயைத் தடுக்குமா என்றும் பார்த்தார்கள். பல சோதனைகளைத் தொகுத்தும் உறுதியான பலன் தெரியவில்லை! ஆக, கொலஸ்ட்ராலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இன்னும் சாட்சி போதவில்லை.

நிஜக் குற்றவாளி தலைக்கு மேலே!
மெலனோமா நோயாளி ஒருவரின் புற்றுச் செல்லில் டி.என்.ஏ.வை முழுதாகப் படித்தார்கள். எத்தனை எழுத்துப் பிழைகள் தெரியுமா? 33,345! பெரும்பாலானவற்றில் புற ஊதாக் கதிரின் கைரேகை! 2020-ல் மட்டும் உலகில் சுமார் 3,25,000 பேருக்குப் புதிதாக மெலனோமா. விகிதத்தில் முன்னணியில் நிற்பவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்!

கறுப்புத் தோல் என்றால் கவலையே இல்லையா?
மெலனின் என்ற நிறமி நிறைந்த தோலுக்கு மெலனோமா ஆபத்து மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் வந்தால் எங்கே வரும் தெரியுமா? பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில்! உலகை ஆட்டம்போட வைத்த ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால் கட்டைவிரல் நகத்தடியில்தான். 1977-ல் கண்டுபிடித்தார்கள். 1981-ல் போய்விட்டார், வெறும் 36 வயதில்! இனி நகம் வெட்ட உட்காரும்போது உள்ளங்காலையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுவீர்கள்தானே?