பெரியம்மாவின் இடது கை

பெரியம்மாவின் ஜாக்கெட்டுகளில் இடது கை மட்டும் இரண்டு அங்குலம் அகலமாக இருக்கும். 1986-ல் புற்றுநோய்க்காக அவருக்கு இடது மார்பை முழுசாக எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் வழித்துவிட்டார்கள். நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த முடிச்சுகள்தான். வடிகால் அடைபட்ட வயல் மாதிரி, அப்புறம் நீர் கையிலேயே தேங்கியது. நோய் திரும்பவில்லை. ஆனால் கடைசிவரை அந்தக் கையால் அவர் ஒரு குடம் தூக்கி நான் பார்த்ததில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக் கட்டி தட்டுப்பட்டபோது, உயிரைவிடக் கையை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். வீட்டில் ஒரே பேச்சு: "முழுசா எடுத்துடச் சொல்லு, மிச்சம் வெச்சா திரும்ப வரும்."

டாக்டர்களே வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்போடு அடித்தசையையும் சேர்த்து எடுக்கும் முறையைப் பரப்பினார். 1970-களில் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். இருபது ஆண்டு கண்காணிப்பின் முடிவு 2002-ல் வந்தது. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தால், அதே மார்பில் மறுபடி வரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம், ஆயுளில் வித்தியாசமில்லை. எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஒரே மார்பில் பல இடத்தில் கட்டி இருந்தாலோ, கதிர்வீச்சு தர முடியாத உடம்பாக இருந்தாலோ பெரும்பாலும் முழுசாக எடுக்க வேண்டிவரும். கட்டி பெரிதென்றால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுப்பதும் உண்டு.

அக்குளிலும் இப்போது எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் வழிப்பதில்லை. எனக்கு மார்பில் நீலச் சாயம் ஏற்றினார்கள். அது முதலில் போய்ச் சேரும் முடிச்சுதான் காவல்காரன். நோய் பரவினால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தங்கும். எனக்கு இரண்டை எடுத்துப் பார்த்தார்கள், சுத்தம். மற்றவை தப்பின. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதைப் பார்த்து நான் அலற, நர்ஸம்மா சிரித்தார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்!

ஆனால் பாதி வைத்தியத்தை முடிவுசெய்வது கத்தியில்லை, எடுத்த கட்டியின் பரிசோதனை அறிக்கை. "ஈஆர் பாசிட்டிவ்" என்றதும் என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. உண்மையில் அது நல்ல சேதி. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளரும் கட்டி. அதன் சோற்றை மறிக்க டமோக்சிஃபென் என்ற மாத்திரை இருக்கிறது. "ஹெர்2 பாசிட்டிவ்" என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி. வழக்கமாக ஒரு வருஷம் போடுவார்கள். பிஆர் என்ற இன்னொரு ஹார்மோன் சோதனையும் சேர்த்து மூன்றுமே நெகட்டிவ் என்பதுதான் சிக்கல், அங்கே பெரும்பாலும் கீமோவை நம்ப வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், "எந்த ஸ்டேஜ்?" என்பதோடு நிறுத்தாமல் இந்த மூன்றையும் கேளுங்கள்.

எனக்குக் கீமோ தேவைப்படவில்லை. மூன்று வாரம் கதிர்வீச்சு. தோலில் மார்க்கரால் போட்ட கோடு அழியாமல் பார்த்துக் குளிப்பதுதான் பெரும்பாடு. இப்போது டமோக்சிஃபெனில் மூன்றாவது வருஷம். ஐந்து முடிந்ததும் பத்துவரை நீட்டுவதா என்று பார்க்கலாமாம். அதுவரை நடுராத்திரியில் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதிக்கும். மார்கழியில் எழுந்து நான் ஃபேனை ஐந்தில் வைப்பேன். அவர் இரண்டாவது போர்வையைத் தேடுவார்.