கடைமடைக் குறிப்புகள் – 17: 'காரணம்' என்றொரு கட்டம்

குணசீலத்தில் உச்சிக்காலப் பூசை முடிந்ததும் தீர்த்தம் தெளிப்பார்கள். மனம் பேதலித்தவர்களை வரிசையாக உட்கார வைத்து முகத்தில் அடிக்கிற தண்ணீர். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கினால் குணமாகும் என்பது காவிரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக உள்ள நம்பிக்கை. இப்போது கோயிலைச் சேர்ந்தே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. மருத்துவர் வந்து பார்க்கிறார், மாத்திரையும் உண்டு.

அந்த வரிசையில் ஒரு பையன். இருபது வயது இருக்கும். தண்ணீர் பட்டதும் மற்றவர்கள் திடுக்கிட்டார்கள், இவன் கண்கூட சிமிட்டவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டார். பேச்சுக் கொடுத்தேன்.

"எந்த ஊருங்கம்மா?"

"நீடாமங்கலம் பக்கங்க."

"தம்பிக்கு என்ன?"

"காத்து பட்டுருச்சுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல மதகுல ஒக்காந்துருந்தான். அன்னையிலேருந்து தானாப் பேசுறான், தானாச் சிரிக்கிறான். டிவில தன்னையப் பத்தித்தான் பேசுறாங்கங்குறான்."

பையன் காவிரிப் பக்கம் நடந்தான். அவன் போன பிறகு, குரலை இறக்கிக்கொண்டு அவரே சொன்னார். "அதையும் குடிச்சிருக்கான் தம்பி. ரெண்டு வருசமா. எனக்குத் தெரியும், அவங்க அப்பாவுக்குத் தெரியாது. வெளிய சொல்லிறாதீங்க, இவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்."

'அது'. கடைசிவரை பெயரை அவர் சொல்லவே இல்லை.

டாஸ்மாக் பற்றிப் போன வாரம் எழுதியதற்கு மன்னார்குடி வாசகர் ஒருவர், "குடியைப் பற்றி எவன் வேண்டுமானாலும் எழுதலாம், கஞ்சாவைப் பற்றி எழுதுமய்யா" என்று கார்டு போட்டிருந்தார். நியாயம்தான்.

நூற்றிமுப்பது வருடங்களுக்கு முன்னால் இதே விவகாரத்தை வெள்ளைக்காரன் விசாரித்தான். 1893 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றத்தில் கெய்ன் என்ற மதுவிலக்குக்காரர் கேள்வி எழுப்பினார். இந்தியாவில் கஞ்சாவுக்கு உரிமம் கொடுத்து வரி வாங்குகிறீர்களே, அதனால் பைத்தியக்கார விடுதிகள் நிரம்புவதாகச் சொல்கிறார்களே, விசாரித்தீர்களா என்று. அதன் பேரில் மேக்வொர்த் யங் தலைமையில் அமைந்ததுதான் இந்தியக் கஞ்சா கமிஷன். அப்போது சென்னை ராஜதானியில் கஞ்சா கலால் துறை உரிமத்தோடு கடையில் விற்ற சரக்கு. ஜவ்வாது மலையில் விளைந்ததும் அதில் உண்டு. கமிஷன் ஊர் ஊராக அமர்ந்து, நாடு முழுக்க 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி, 1894-இல் அறிக்கை கொடுத்தது. அளவோடு பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, மிதமிஞ்சினால் கெடுதல், முழுத் தடை தேவையில்லை என்பது அதன் முடிவு. 'கஞ்சாவை வெள்ளைக்காரனே நல்லது என்று சொல்லிவிட்டான்' என்று இன்று கைபேசியில் சுற்றும் செய்திக்கெல்லாம் வேர் அதுதான்.

எனக்கு அந்த முடிவைவிட, அதற்கு வந்து சேர்ந்த வழிதான் பிடிக்கும். 1892-ஆம் ஆண்டில் பைத்தியக்கார விடுதிகளில் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா என்று பதிவேட்டில் இருந்தது. கமிஷன் அந்த 222 பேரின் கதையையும் தனித்தனியாக, ஊருக்கு ஆள் அனுப்பி, உறவுக்காரர்களைக் கேட்டு மறுபடி விசாரித்தது. கடைசியில் கஞ்சாவைக் காரணமாகச் சொல்லத் தகுந்தது 98 பேருக்குத்தான். அதிலும் கஞ்சா மட்டுமே என்று சொல்லத்தக்கது 61. மற்றவர்கள் எப்படிக் கணக்கில் வந்தார்கள்? விடுதிக்கு ஆளை அனுப்பும்போது போலீஸ் ஒரு படிவம் கொடுக்கும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ரோட்டில் திரிந்தவனைப் பிடித்து அனுப்புகிறவருக்குக் காரணம் எங்கே தெரியும்? கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது. 'கஞ்சா' என்று எழுதிவிடுவது. விடுதியில் அதைப் பார்த்து அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொள்வது.

நீடாமங்கலத்து அம்மாவை நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் காரணம் தெரியாதவன் 'கஞ்சா' என்று எழுதினான். இன்றைக்குக் காரணம் தெரிந்தவர் 'காத்து' என்று எழுதுகிறார்.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் படுகையில் ஒரு முனீஸ்வரன் உண்டு. சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்: படையலில் கோழி, சாராயம், சுருட்டு, ஓரமாக ஒரு பூவரச இலையில் கொஞ்சம் கஞ்சா. முனிக்குப் படைத்தது போக மீதி பூசாரித் தாத்தாவுக்கு. சிலும்பியின் அடியில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து இழுப்பார். பிள்ளைகள் கிட்டே போனால் கல்லை எடுப்பார். 'சிவமூலி' என்பார், கஞ்சா என்று சொல்லமாட்டார். அவர் குடிப்பது ஊருக்குத் தெரியும், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அதே ஊரில் 'கஞ்சாக்குடிக்கி' என்று ஒருவனைத் திட்டினால் அடிதடியில் முடியும். சாமிக்கு ஆகும், சாமியாருக்கு ஆகும், சித்த வைத்தியர் லேகியத்துக்கு ஆகும், வீட்டுக்குள் ஆகாது. அந்தக் கோடு யாரும் எழுதி வைக்காத கோடு.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பூசாரித் தாத்தாவின் தம்பி ஒருவர் படுகையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்து, ஒரு ஐப்பசி வெள்ளத்தில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு என்ன காரணம் என்று எந்தக் கட்டத்திலும் யாரும் எழுதவில்லை.

இன்றைக்கு அந்தக் கோடு அழிந்துவிட்டது. சிலும்பி போய்ப் பொட்டலம் வந்தது. பம்புசெட்டுக் கொட்டகை, மூங்கில் தோப்பு, மதகுக் கட்டை, பாதியில் நின்றுபோன கல்யாண மண்டபத்து மொட்டை மாடி. நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின் என்றான பிறகு, பதினெட்டு வயதுப் பையனுக்கு வயலில் வேலை இல்லை, வயலை விட்டால் வேறெங்கும் வேலை இல்லை. இதைத்தான் காரணம் என்று நான் எழுதினால் நானும் கட்டத்தை நிரப்புகிறவன் ஆகிவிடுவேன். இரண்டு போகம் விளைகிற, வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அதே மதகில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரக்கு நம் மண்ணில் விளைவதில்லை. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து இறங்குகிறது. நமக்கு வருவது அதில் சிந்திய பங்கு. பெரிய பங்கு வேதாரண்யம், கோடியக்கரை, அதிராம்பட்டினம் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் அதைக் 'கேரள கஞ்சா' என்றே எழுதுகின்றன. விசாகப்பட்டினத்து மலையில் விளைந்து நாகப்பட்டினத்தில் படகு ஏறியதற்குக் கேரளம் எப்படிப் பெயர் கொடுத்ததோ. போதாததற்குப் பாங்காக்கிலிருந்து திருச்சி விமான நிலையம் வரை, மண்ணில்லாமல் தண்ணீரில் வளர்த்த உயர்ரகக் கஞ்சா வந்து பிடிபடுகிறது. பூசாரித் தாத்தாவின் சிவமூலிக்கும் இதற்கும், கள்ளுக்கும் எரிசாராயத்துக்கும் உள்ள தூரம். கமிஷன் 1894-இல் எழுதிய தீர்ப்பை இன்றையச் சரக்குக்கு நீட்ட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

வயது இன்னொரு காரணம். மூளையின் முன்பகுதி, அதாவது யோசித்து நிதானிக்கிற பகுதி, இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்வீடனில் 1969-70-இல் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த 45,570 இளைஞர்களிடம் கஞ்சாப் பழக்கம் பற்றிக் கேட்டு வைத்து, பதினைந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் புகைத்ததாகச் சொன்னவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது புகைக்காதவர்களைப்போல் ஆறு மடங்கு. குடும்பச் சூழல், முன்பே இருந்த மனக்கோளாறு இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபோது அந்த மடங்கு குறைந்தது, மறையவில்லை. அதற்காகப் புகைத்தவன் எல்லாம் பேதலிப்பான் என்று மேடையில் மிரட்டுவதும் பொய். பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை. பத்தில் ஒருவர் அடிமையாகிறார். விடலைப் பருவத்தில் தொடங்கினால் ஆறில் ஒருவர். மிரட்டல் பொய் என்பதைப் பையன்கள் மதகில் உட்கார்ந்து ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிறகு நாம் சொல்கிற உண்மையையும் நம்புவதில்லை.

சட்டம் எப்படிப் பார்க்கிறது? 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி ஒரு கிலோவுக்குக் கீழ் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குப் பத்து வருடம் முதல் இருபது வருடம் வரை சிறை. 2021 டிசம்பரில் சைலேந்திரபாபு காவல்துறைத் தலைவராக இருந்தபோது 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. அதற்கடுத்து இரண்டு, மூன்று, நான்கு என்று சினிமாப் படம்போல் பாகங்கள் வந்தன. வேட்டையில் பிடிபட்டது கோர்ட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமே. சென்னையில் ஒரு வழக்கில் 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டதென்று போலீஸ் சொல்ல, 2023-இல் இரண்டு பேர் விடுதலையானார்கள். எங்கள் பக்கத்து எலி நெல்லோடு நிறுத்திக்கொள்ளும்.

பொட்டலத்தோடு பிடிபடுகிற பையனுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ, அல்லது அபராதமோதான். ஊரில் அதற்குப் பெயர் 'கேஸ்'. போலீஸ் வேலை, பாஸ்போர்ட், சிங்கப்பூர் எல்லாம் போச்சு என்ற பயம் பெற்றவர்களைப் பிடித்து ஆட்டுகிறது. டாக்டரிடம் போனால் அவர் எழுதிவிடுவார், எழுதினால் கேஸாகிவிடும் என்று ஒரு கணக்கு. அதனால்தான் 'காத்து'. அதனால்தான் முதலில் மந்திரிப்பு, அப்புறம் தாயத்து, அப்புறம் குலதெய்வம், அப்புறம் குணசீலம். இதற்குள் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. மனச்சிதைவுக்கு அந்த முதல் வருடம்தான் முக்கியம்.

இதே ஊரில் அப்பா டாஸ்மாக்கில் விழுந்து கிடந்தால் 'அவருக்கு அந்தப் பழக்கம் ஒண்ணுதான், மத்தபடி தங்கமான மனுஷன்' என்று அந்த வீட்டில் பெண் எடுப்பார்கள். டெல்லி எய்ம்ஸ் 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில் மது குடிப்பவர்கள் 14.6 சதவீதம், கஞ்சா, பாங்கு எல்லாம் சேர்த்து 2.8 சதவீதம். ஐந்து மடங்கு பெரிய நோய்க்குக் கூச்சம் கிடையாது. கூச்சம் முழுவதும் சின்ன நோய்க்குப் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லவில்லை. கூச்சத்தால் எந்த நோயும் தீர்ந்து நான் பார்த்ததில்லை என்கிறேன்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அதே 1985 சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால், உபயோகித்ததற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. மனநோயாளியின் விவரத்தை மருத்துவர் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. போதை மறுவாழ்வு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

"சாமிக்குக் குறை வச்சிடக் கூடாதுங்களே" என்றார்.

சாமிக்கு ஒரு குறையும் வைக்க வேண்டாம், மண்டலம் முடித்தே போங்கள், இங்கே வருகிற டாக்டரிடம் மட்டும் 'அதை'ப் பெயர் சொல்லிச் சொல்லிவிடுங்கள் என்றேன். பேசாமல் இருந்தார். பையன் படித்துறையிலிருந்து திரும்பி வந்து, "அம்மா, பசிக்குது" என்றான்.

நீடாமங்கலத்திலிருந்து குணசீலம் நூறு கிலோமீட்டர் இருக்கும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முப்பது சொச்சம். அங்கே மனநலப் பிரிவு உண்டு, காசு கிடையாது.

(தொடரும்)