பணம் வந்த பிறகு பகடி
(தொடரின் ஒன்பதாம் பகுதி)

சாகசப் படம் ஒன்றின் இரண்டாம் பாகத்தைக் கூடுதல் பணத்தாலும் பெரிய சண்டைகளாலும் ஓரளவு தாங்கிப் பிடித்துவிட முடியும். சிரிப்போ எதிர்பாராமையில் பிறப்பது என்பதால், முதற்படத்தில் திடுக்கிட வைத்த குறும்பு, இரண்டாம் படத்தில் அதற்காகவே காத்திருக்கும் பார்வையாளர்முன் வந்து நிற்க வேண்டியதாகிறது. பகடி, அதாவது ஒரு வகைக் கதைகளின் வழக்கங்களை அவற்றுக்குள் இருந்துகொண்டே எள்ளுதல், சூப்பர் ஹீரோ படங்களுக்குள் நுழையும்போது இந்தச் சிக்கல் மேலும் இறுகுகிறது. முதல் வெற்றியோடு பகடியும் ஒரு வழக்கமாகிவிட, இரண்டாம் பாகம் தன்னையே எள்ளியாக வேண்டிய நிலைக்கு வருகிறது. 2016இல் வெளிவந்த ‘டெட்பூல்’ படத்தையும் 2018இல் வந்த ‘டெட்பூல் 2’ படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு இது தெளிவாகவே புலப்படும்.

ராப் லீஃபெல்ட், ஃபேபியன் நிசியேசா ஆகிய இருவரும் உருவாக்கி, 1991இல் மார்வெல் சித்திரக்கதை ஒன்றில் அறிமுகமான டெட்பூல், தான் ஒரு கதைமாந்தன் என்பதை அறிந்தவன். மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே இருப்பதாகக் கொள்ளப்படும் கற்பனைத் தடுப்பை நாடகத்துறையினர் ‘நான்காம் சுவர்’ என்பர், அதைத் தாண்டி வாசகரிடம் நேராகப் பேசுவதே இவனுடைய அடையாளம். இப்படிப்பட்ட வாயாடியை 2009ஆம் ஆண்டின் ‘எக்ஸ்-மென்’ படம் ஒன்று வாயடைத்த உருவமாக்கிக் காட்டி ரசிகர்களின் எரிச்சலைச் சம்பாதித்தது. பின்னர், சோதனைக்காக எடுக்கப்பட்ட ஒரு சிறு காட்சி 2014இல் இணையத்தில் கசிந்து பெரும் வரவேற்பைப் பெற்றதையடுத்து, தயங்கிக்கொண்டிருந்த ஃபாக்ஸ் நிறுவனம் படத்துக்கு இசைந்தது. ஆயினும் ஒதுக்கிய தொகை 5.8 கோடி டாலர் மட்டுமே, அது அந்நாளைய சூப்பர் ஹீரோ படங்களின் செலவில் பாதியைக்கூட எட்டாத தொகை.

இந்த வறுமையே முதற்படத்தின் நகைச்சுவைக்கு முதலாக அமைந்தது. எக்ஸ்-மென் குழுவின் பரந்த மாளிகையில் எப்போது பார்த்தாலும் இருவர் மட்டுமே தென்படுவதைச் சுட்டி, மற்றவர்களை அழைத்துவரத் தயாரிப்பாளரிடம் பணமில்லை போலும் என்று நாயகனே கேலி செய்கிறான். இறுதிச் சண்டைக்குப் புறப்படும்போது துப்பாக்கிகள் நிறைந்த பையை வாடகைக் காரிலேயே மறந்துவிட்டு இறங்கும் இடமும் அவ்வாறு பிறந்ததே: பெரியதொரு துப்பாக்கிச் சண்டையை எடுக்கப் பணமில்லாமற் போனதால் அந்த மறதியை எழுதிச் சேர்த்ததாகத் திரைக்கதை ஆசிரியர்களான ரெட் ரீஸும் பால் வெர்னிக்கும் கூறியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது, தன்னைச் சிதைத்தவனைத் தேடிச் சென்று பழிவாங்கும் மிகச் சாதாரணமான கதைதான். காலத்தை முன்னும் பின்னும் கலைத்து அடுக்கியிருப்பதால் அந்தச் சாதாரணம் எளிதில் கண்ணில் படுவதில்லை. இரண்டாம் பாகத்தைக் குறைகூறியவர்களுள் பலர், முதற்படத்தின் கதையையும் அதன் சிரிப்பின் உயரத்திலேயே வைத்து நினைவில் கொண்டிருந்தார்கள் என்பதை இவ்விடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் பாகத்துக்குக் கிடைத்ததோ 11 கோடி டாலர். கருத்து வேறுபாட்டால் முதற்பட இயக்குநர் டிம் மில்லர் விலக, சண்டைக் கலைஞராக இருந்து இயக்குநரான டேவிட் லீச் பொறுப்பேற்றார். அதனால் சண்டைகள் சீராயின, நகைச்சுவையோ இல்லாமையைக் காட்டிக் கேலி செய்யும் வசதியை இழந்தது. இந்த இழப்பைப் படம் ஒரே ஓர் இடத்தில் முழுமையாக ஈடுகட்டுகிறது. எதிர்காலத்திலிருந்து வந்த கேபிள் என்னும் வீரனிடமிருந்து ஒரு சிறுவனைக் காக்க, டெட்பூல் ‘எக்ஸ்-ஃபோர்ஸ்’ என்ற குழுவைத் திரட்டுகிறான். முன்னோட்டப் படங்கள் அக்குழுவைப் பெரிதாக விளம்பரப்படுத்தியிருந்தன, நேர்காணல் நடத்தி ஆளெடுக்கும் காட்சியும் நிதானமாகவே விரிகிறது. பலத்த காற்று வீசும் என்ற எச்சரிக்கையையும் பொருட்படுத்தாமல் அவர்கள் பாராசூட்டில் குதிக்க, ஒருவர் பேருந்தில் மோதியும், ஒருவர் ஹெலிகாப்டரின் சுழல்தகட்டில் சிக்கியும், ஒருவர் மின்கம்பியில் பட்டும், எதிரியின் முகத்தைக்கூடக் காணாமலேயே மடிகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வீரனாக வந்தவர் பிராட் பிட் என்பது மின்சாரம் பாயும் அந்த ஒரு கணத்தில்தான் தெரியவருகிறது.

நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. முதற்படம் பெரும்பாலும் எள்ளல் ஒன்றையே நம்பியிருக்க, இக்காட்சியில் பேதைமையும் மடனும் சேர்ந்துகொள்கின்றன: எந்த ஆற்றலும் இல்லாமல், விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லிச் சேரும் பீட்டர் என்ற நடுத்தர வயது மனிதரும் அந்தக் கூட்டத்தோடு குதிக்கிறார். அக்குழுவில் தப்பி இறங்கும் டாமினோ என்ற பெண்ணின் ஆற்றல் அதிர்ஷ்டம் என்பதும், அது திரையில் எடுபடாத ஆற்றல் என்று நாயகன் ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்க, அவளைச் சுற்றி எல்லாமே தற்செயலாகச் சரியாகிக்கொண்டே போவதும் இதன் நயமான தொடர்ச்சி. பணமில்லாததை முதற்படம் கேலியாக்கியது போலவே, பணத்தையும் விளம்பரத்தையும் வேண்டுமென்றே வீணாக்கி அதை இப்படம் கேலியாக்குகிறது.

வனெஸ்ஸாவின் சாவைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. நாயகனின் காதலியாக முதற்படத்தில் அவனுக்குச் சரிநிகராக வாயாடிய அவள், இரண்டாம் படத்தின் தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறாள். ஆணின் துயரத்துக்குக் காரணம் வேண்டும் என்பதற்காகவே பெண் பாத்திரத்தைக் கொல்லும் இவ்வழக்கத்தைச் சித்திரக்கதை எழுத்தாளர் கெயில் சிமோன் 1999இல் ‘குளிர்பெட்டிக்குள் பெண்கள்’ என்ற தலைப்பில் பட்டியலிட்டுக் கண்டித்திருந்தார். ‘கிரீன் லான்டர்ன்’ கதையில் நாயகனின் காதலி கொலையுண்டு குளிர்பெட்டியில் கிடந்ததிலிருந்து வந்த பெயர் அது. எல்லா வழக்கங்களையும் எள்ளும் ஒரு படம், எள்ளுவதற்கு மிகத் தகுதியான இந்த வழக்கத்தைத் தானே கையாண்டதோடு, அச்சாவை நம்பித் தன் நடுப்பகுதி முழுவதும் துயரம் காத்துவிட்டு, பெயர்கள் ஓடும் நேரத்தில் காலப்பயணக் கருவி ஒன்றின் உதவியால் அவளை மீட்டும் விடுகிறது. அதே கருவியோடு 2009ஆம் ஆண்டின் தவறான டெட்பூலையும், ‘கிரீன் லான்டர்ன்’ படத்தின் திரைக்கதையைப் படித்து மகிழும், டெட்பூலாக நடிக்கும் ரயன் ரெனால்ட்ஸையும் நாயகன் சுட்டுத் தள்ளுவது மிக நல்ல நகைச்சுவைதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலையாகப் பார்வையாளர் இரண்டு மணி நேரம் செலுத்திய இரக்கம் போகிறது.

வசூல் இங்கே தீர்ப்பு எழுத உதவாது. உலக அளவில் இரு படங்களும் சுமார் 78 கோடி டாலர் ஈட்டின, செலவோ இரண்டாவதற்கு ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டாம் படத்தின் வன்முறையையும் வசைச்சொற்களையும் குறைத்து, வயது வரம்பைத் தளர்த்தி, அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் திரையிட்ட முயற்சியை வணிகக் குறும்பு என்பதற்கு மேல் பொருட்படுத்த வேண்டியதில்லை. கதை என்ற அளவில் ‘டெட்பூல் 2’ முதற்படத்துக்கு ஈடாகவில்லை. நகைச்சுவை என்ற அளவில் ஈடாகிறது, அந்தப் பாராசூட் காட்சிக்கு நிகரான ஒன்று முதற்படத்தில் இல்லவே இல்லை.